எர்த் போல்ட்டில் நகப்பூச்சு

1

இந்தக் கதை ஒரு வாசனையிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் கருகும் வாசனை. சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும் பழைய டீசல் லாரி ஒன்றின் அடியில், ஓர் எலக்ட்ரீஷியன் மல்லாந்து படுத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். அந்த நேரத்தில் அவர் முகம் போன போக்கைப் பக்கத்தில் இருந்த ஒருவர் பார்த்திருக்கிறார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கதை எழுதுகிறவர்கள் கதை பிறந்த இடத்தைக் கொஞ்சம் சிங்காரித்துத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. இதுவரை மூன்று கதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. மூன்றிலும் மழை பெய்யும். இதில் மழை கிடையாது, கிரீஸ் உண்டு.

தொடக்கத்துக்கே நாலு தாள் கிழித்தேன்.

‘அந்த லாரிக்கு இருபத்தெட்டு வயது.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லாரியைப் பற்றிய கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

‘எலக்ட்ரீஷியன் நல்லவர்.’ எழுதிய கையோடு அடித்துவிட்டேன். நல்லவர் என்று ஆரம்பித்தால் இரண்டாம் பக்கத்தில் ஆள் ஏதோ செய்யப் போகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். [உண்மையில் நல்லவர்தான். அதுதான் தொல்லை.]

‘மூன்று வருடத்துக்கு முன்னால், எடைமேடைக்குப் போகிற சரிவில், ஒரு டிரைவர்’

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன். பிறகு வந்து முடிக்கப் பார்க்கிறேன்.

2

ஆகவே வேலையிலிருந்தே தொடங்குகிறேன். வேலை என்றால் எனக்குப் பயமில்லை.

காலை ஒன்பது மணிக்கு லாரியை இன்னொரு லாரி கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் விட்டுவிட்டுப் போனது. பட்டறையில் அந்த லாரிக்குப் பெரியப்பா என்று பேர். வந்தால் சீக்கிரம் கிளம்பாது, இருக்கும்வரை இருமிக்கொண்டே இருக்கும். புது டிரைவர் இறங்கி, ரெண்டு நாளாக ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளித்தான் எடுக்கிறோம் என்றான். புது டிரைவர் என்றாலும் அவன் ஓட்ட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. பட்டறையில் இன்னும் அவன் புது டிரைவர்தான்.

எலக்ட்ரீஷியன் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் மீட்டரை எடுத்து இரண்டு பேட்டரியையும் பார்த்தார். சேர்த்து இருபத்தைந்து வோல்ட், ஒரு குறையும் இல்லை. ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, சாவியைத் திருப்பச் சொன்னார். டொக். லைட் கொஞ்சம்கூட மங்கவில்லை.

இது முக்கியம். பேட்டரியில் சத்து இல்லையென்றால் லைட் மங்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் இறுகிப் போயிருந்தால் லைட் அணைகிற மாதிரிப் போய்த் திரும்பும். மங்கவே இல்லை என்றால் கரண்ட் பெரிதாக எதுவும் ஓடவில்லை என்று அர்த்தம். ஒன்று, அது ஸ்டார்ட்டருக்குப் போகவில்லை. அல்லது போனதற்குத் திரும்பி வர வழியில்லை.

[இங்கே ஒரு விளக்கம். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் ஸ்டார்ட்டரைச் சுற்றவைத்துவிட்டுப் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். போவது தடித்த கேபிள் வழியாக. திரும்புவது எஞ்சின் உடம்பு வழியாக. ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல், ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினிலிருந்து லாரியின் இரும்புச் சட்டமான சேஸிஸுக்கு ஒரு செம்புப் பட்டை போட்டு முறுக்கியிருப்பார்கள். அதற்கு எர்த் பட்டை என்று பேர். கரண்ட் வீடு திரும்புவதற்கு அது ஒன்றுதான் பாலம். இந்தக் கதைக்கு இவ்வளவு மின்சாரம் போதும்.]

எலக்ட்ரீஷியன் போகிற வழியைப் பார்த்தார். பாசிட்டிவ் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்தார். சாவிக்குப் போகும் வயரைப் பார்த்தார், ரிலேயைப் பார்த்தார். ஸ்பேனரைக் குறுக்கே வைத்து நேரடியாகவே கரண்ட் கொடுத்துப் பார்த்தார். டொக்.

திரும்புகிற வழியை ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம். பார்த்தார். டார்ச்சை அடித்து எர்த் போல்ட்டை ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். ஏனென்றால் போல்ட் தலையில் சிவப்பு நகப்பூச்சு உடையாமல் இருந்தது.

இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நட்டை முறுக்கினாலும் முறுக்கி முடித்ததும் நட்டும் தகடும் சேருகிற இடத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பார். பிறகு எவனாவது கைவைத்தால் பூச்சு விரிசல் விடும். ‘இது என் முத்திரை, இது உடையலேன்னா இந்த ஜாயிண்ட்ல கோளாறு இல்ல, வேற இடத்துல பாரு’ என்பார். மற்ற பட்டறைக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் சிவப்புச் சொட்டைப் பார்த்தால் அவர்களும் அந்த நட்டைத் தொடமாட்டார்கள். அப்படி ஒரு பேர்.

அவர் தன் முத்திரையை நம்பினார். இரண்டு மணி நேரம் போனது.

3

ஸ்டார்ட்டரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய் மனைவியிடம் கொடுத்தார். பட்டறையில் காயில் சுற்றுவது அவள்தான்.

இந்தப் பெண் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேஜை, செம்புக்கம்பிச் சுருள், வார்னிஷ் நெடி, மூக்குக்கண்ணாடி என்று எல்லாம் வைத்துப் பார்த்தேன். ஆள் எழுந்து நடக்கமாட்டேன் என்கிறாள். ஸ்டார்ட்டரைப் பிரித்து, கார்பனைப் பார்த்து, ஆர்மேச்சரைச் சோதித்து, பேட்டரியில் தொட்டு, அது மேஜையிலிருந்து எகிறுகிற வேகத்தில் சுற்றியதும் ஒரே ஒரு வசனம் பேசுகிறாள்.

“இதுல ஒண்ணும் இல்ல. நீங்க வண்டியில பாருங்க.”

இதற்காக ஒரு பாத்திரமா? எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். எடுத்தால் கதை நிற்கவில்லை. ஏனென்றால் இவளுக்கு இன்னொரு வசனம் உண்டு. அது மூன்று வருடத்துக்கு முன்னால் பேசியது.

சரி, அந்த வாக்கியத்தை முடித்துவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், எடைமேடைக்குப் போகிற சரிவில், ஒரு டிரைவர் இதே லாரியை மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தான். அவன் இந்தப் பெண்ணின் தம்பி. எலக்ட்ரீஷியனுக்கு மச்சினன். காலை எடுத்த பிறகும் ஆக்சிலேட்டர் பெடல் மேலே வரவில்லை. எஞ்சின் அலறியது. பிரேக்கை ஏறி மிதித்தான், எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தான். லாரி நின்றது. ஆனால் பன்னிரண்டு அடி தள்ளி நின்றது. அந்தப் பன்னிரண்டு அடிக்குள் எடைமேடைக்காரர் இருந்தார். சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் அவருடைய கால் சிக்கியது. இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

கூடியவர்களில் ஒருவர் ஏறிப் பெடலை ஓங்கி உதைத்துப் பார்த்தார். நன்றாக மேலே வந்தது. மறுநாள் மெக்கானிக் பார்த்தபோதும் வந்தது. முன்பக்கம் நசுங்கியதில் பெடல், கேபிள் எல்லாவற்றையும் மாற்றினார்கள், பழையது காயலான் கடைக்குப் போனது. ஆக்சிலேட்டர் திரும்பவில்லை என்று டிரைவர் எல்லாரிடமும் சொன்னான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லாரி முதலாளி பட்டறைக்கு வந்து அவனுடைய அக்காவிடமே கேட்டார். அவன் எப்படிப்பட்ட ஆள், சொல்லுங்கள் என்றார். அவள் கையில் கம்பி சுற்றிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

“அவன் சின்ன வயசுலேர்ந்தே அவசரக்காரன்தாங்க. எதுலயும் நிதானம் கிடையாது.”

அவ்வளவுதான். அக்காவே சொல்லிவிட்டாள் என்று ஆயிற்று. அதற்குப் பிறகு அவன் சாவியைத் தொடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது வலது காலை எதன் மேலும் ஊன்றமாட்டான், தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கியே வைத்திருப்பான். கேட்டால் மரத்துப்போய்விட்டது என்பான்.

4

ஸ்டார்ட்டரைத் திரும்ப மாட்டினார். டொக்.

எலக்ட்ரீஷியனுக்குக் கோபம் வந்தது. மேஜை மேல் சுற்றுகிற மோட்டார் வண்டியில் சுற்றவில்லை என்றால் அது வயரிங் கோளாறு, வயரிங் அவர் செய்தது. லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டிரு என்று புது டிரைவரிடம் கத்தினார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனவர் கை ஆக்சிலேட்டர் கேபிளில் பட்டது. சுட்டது. எஞ்சினுக்கும் பெடலுக்கும் நடுவில் ஓடும் ஒரு மெல்லிய இரும்புக் கேபிள். அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. சுடுவதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை. மேலிருந்து புது டிரைவர் சாவகாசமாகச் சொன்னான்.

“கொஞ்ச நாளா பெடல்கூட மெதுவாத்தாண்ணே திரும்புது. கிரீஸ் வச்சா சரியாப் போயிடும்னு விட்டுட்டேன்.”

எலக்ட்ரீஷியன் மீட்டரைக் கேட்டு வாங்கினார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் மேலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எட்டு வோல்ட் காட்டியது. பாலம் உடைந்திருக்கிறது. வீடு திரும்ப வழியில்லாத கரண்ட், கிடைத்த சந்தில் புகுந்து போயிருக்கிறது. கிடைத்த சந்து ஆக்சிலேட்டர் கேபிள். கேபிள் சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகி, கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஓங்கி உதைத்தால் விட்டுவிடும்.

ஓங்கி உதைத்தால் விட்டுவிடும் என்பதை அவர் மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

பிறகு ஸ்பேனரை எடுத்து எர்த் போல்ட்டில் வைத்தார். மூன்று வருடமாக உடையாத நகப்பூச்சை அவரே உடைத்தார். பட்டையைத் தூக்கினார். பட்டையின் நுனியில் இருக்கும் செம்பு வளையத்துக்கு அடியில், பளபளவென்று, நேற்று அடித்த மாதிரி, பச்சைப் பெயிண்ட்.

அந்தச் சேஸிஸுக்குப் பச்சை அடித்தது ஒரே ஒரு முறைதான். தகுதிச் சோதனைக்காக. விபத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. பெயிண்ட் அடிப்பதற்காக எல்லா வயரையும் கழற்றிவைத்தார்கள், அடித்து முடித்த மறுநாள் எல்லாவற்றையும் மாட்டியவர் இவர். எர்த் வளையம் உட்காருகிற இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரியவைத்துவிட்டு முறுக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. சுரண்டாமல் முறுக்கியிருக்கிறார். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிந்துகொண்டிருந்ததால் வண்டி ஓடியது. இப்போது மரையும் துருப்பிடித்து அடைத்துக்கொண்டது.

[ஒரு வடிவத்தில் நான் இப்படி எழுதிப் பார்த்தேன்: மச்சினன் ஹாரனை அடித்துக்கொண்டு ‘மாமா, சீக்கிரம் மாமா’ என்று அவசரப்படுத்தியதால் எலக்ட்ரீஷியன் சுரண்ட மறந்தார். ரொம்ப வசதியான வடிவம். பழி பாதிப்பாதியாகப் பிரிந்துவிடும், வாசிக்கிறவர்களும் ‘பாவம் இரண்டு பேரும்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் அது பொய். அன்றைக்கு யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. டிரைவர் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தான். எலக்ட்ரீஷியன் மறந்தார், அவ்வளவுதான். மறந்துவிட்டு முத்திரையும் வைத்தார்.]

லாரிக்கு அடியிலிருந்து அவர் வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்ததும் சுரண்டினார். ஒரு நிமிடம்தான் ஆனது. புதுப் பட்டை, புது ஆக்சிலேட்டர் கேபிள் போட்டார். சாவியைத் திருப்பியதும் பெரியப்பா ஒரே இருமலில் எழுந்துகொண்டது. புது டிரைவர் சிரித்தான்.

5

மனைவியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். கழற்றிய பழைய பட்டையை அவள் மேஜை மேல் வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னார்.

“அவன் சொன்னது நிஜம். நான்தான். நீ அவன்கிட்ட சொல்லாத, என் வாயாலதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை போனார். பை நிறையத் தைரியத்தோடுதான் போனார். மச்சினன் வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் சூடாகிறது என்று யாரோ சொன்னார்கள். அதைக் கழற்றினார். மாட்டினார். வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு வாசல் மணி. அதற்கடுத்தது இஸ்திரிப்பெட்டி. பிறகு தண்ணீர் மோட்டார். பிறகு ஒன்றும் கிடைக்காமல் நன்றாக எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்பார். திரும்பி வந்ததும் கையைக் கழுவப் போய்விடுவார். நடுவில் ஒரு நாள் மச்சினன் கேட்டிருக்கிறான்.

“என்ன மாமா, எங்க வீட்டு மேல திடீர்னு இவ்வளவு பாசம்?”

“சும்மாதான் மாப்ள. ஒயரிங்கெல்லாம் பழசாயிடுச்சு, பாத்துக்கணும்ல.”

பதினொரு ஞாயிறு ஆகிவிட்டது. இப்போது அந்தத் தெருவிலேயே கோளாறு இல்லாத வீடு அதுதான்.

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடக்க முடியாத கோபம் வந்தது. சொல்வதற்கு நாலு வார்த்தை, அதற்கு எத்தனை ஸ்க்ரூ.

6

முடிவு. பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்றால் ஒன்று வேண்டும். எழுதிப் பார்த்தவற்றை அப்படியே தருகிறேன்.

அ. எலக்ட்ரீஷியன் சொல்லிவிடுகிறார். மச்சினன் அவரைக் கட்டிக்கொண்டு, ‘போகட்டும் மாமா’ என்கிறான். மறுநாள் லாரி சாவியை வாங்கிக்கொள்கிறான். எஞ்சின் உறுமுகிறது. எழுதியவுடன் எனக்கே வெட்கமாகிவிட்டது. மூன்று வருடம் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் ஒரு வார்த்தையில் ஏறி உட்கார்ந்துவிடுவானா?

ஆ. சொல்கிறார். மச்சினன் கதவைச் சாத்திக்கொள்கிறான். நடக்கக்கூடியதுதான். அவனுக்கு அந்த உரிமை உண்டு.

இ. கடைசிவரை சொல்லவில்லை. இரண்டு பேரும் வயதாகி, ஒரு நல்ல ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இலக்கியமாக இருக்கிறது என்று சொல்வார்கள். அந்தத் தாளை மட்டும் கவிழ்த்து வைத்தேன்.

ஈ. எடைமேடைக்காரரிடம் முதலில் போய்ச் சொல்லி, அவர்

[இதுவும் நிற்கட்டும். அவருக்கும் சொல்லியாக வேண்டும். ஆனால் அவரிடம் முதலில் போனால் அது இன்னொரு டியூப்லைட்தான்.]

நாலாம் பகுதியை எழுதிய தாளை எலக்ட்ரீஷியனிடமே கொடுத்தேன், தொழில் விஷயம் சரியா பாருங்கள் என்று. முழுக்கப் படித்தார். மீட்டர் காட்டியதைப் ‘பத்து வோல்ட்’ என்று எழுதியிருந்தேன். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு ‘எட்டு’ என்று போட்டார். வேறு எதையும் அடிக்கவில்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

7

தாளை அவரிடம் எப்படிக் கொடுத்தாய் என்று கேட்கமாட்டீர்களா? கேளுங்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் பகுதியில் ‘பக்கத்தில் இருந்த ஒருவர் பார்த்திருக்கிறார், அவர் சொன்னார்’ என்று எழுதினேன். அது பொய். நான்தான் பார்த்தேன். ஸ்டார்ட்டரில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் வெளியே வந்து லாரிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன். எழுந்து நடக்கமாட்டேன் என்று அடம்பிடித்த அந்தப் பாத்திரம் நான். நகப்பூச்சு என்னுடையது. ஐந்து வருடமாக நான் வாங்குவதும் அவர் தீர்ப்பதுமாக நடக்கிறது. இவ்வளவையும் மறைத்து வைத்து எழுதியதற்குக் காரணம் கலை இல்லை. பயம்.

‘அவசரக்காரன்’ என்ற அந்த இரண்டாவது வசனமும் என்னுடையதுதான். அவர் செய்தது மறதி. நான் செய்தது அது இல்லை. நீ என் முகத்தைப் பார்த்து ‘அக்கா, பெடல் வரல அக்கா’ என்று சொன்னாய். நான் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நீ. இதுவரை ‘நீங்கள்’ என்று எழுதினேன். பத்திரிகை வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இதை அவர்களுக்கு அனுப்பப் போவதில்லை. இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகர்தான். சைக்கிள் ஸ்டாண்டில் மத்தியானம் கூட்டம் இருக்காது, அப்போது பிரித்துப் படி. ஒருமுறை படித்துவிட்டுக் கசக்கிப் போட்டாலும் சரி.

கவருக்குள் ஒரு செம்பு வளையம் இருக்கும். பழைய பட்டையிலிருந்து நான் வெட்டி எடுத்தது. அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பச்சையைப் பார். விளிம்பில் பாதி உடைந்த சிவப்புச் சொட்டையும் பார். யாராவது உன்னைக் கேட்டால் எடுத்துக் காட்டு. முதலாளி கேட்டால் என்னிடம் அனுப்பு. இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறேன்.

ஆக்சிலேட்டர் திரும்பவில்லை என்று நீ சொன்னாய். திரும்பவில்லைதான் தம்பி. உன்னை நம்பாமல் போனேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, கை வந்தது, எழுதிவிட்டேன்.

முடிவை நான் எழுதவில்லை. அது உன் கையில்தான் இருக்கிறது. அ, ஆ, இ எதுவும் பிடிக்கவில்லை என்றால் நீயாக ஒன்று செய். அவர் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், அதை நான் கெடுத்துவிட்டேன். ஆனாலும் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும், நீயும் அவர் வாயால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு மட்டும் ஒரு உதவி செய்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் மாமா வருவார். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். உட்காரச் சொல். எங்கே, என்ன கோளாறு என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். வீட்டில் எதுவும் ரிப்பேர் இல்லை மாமா என்று சொல்லிவிட்டு, எதிரில் நீயும் உட்கார்ந்துகொள்.